கம்பியில் கோத்த கோழி சீராகச் சுற்ற: காஸ் பார்பிகியூவைப் பூட்டுவது முதல் ரொட்டிசரி வரை

கேள்வி: ஐயா, நாங்கள் கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். நான்கு பர்னர்கள் கொண்ட காஸ் பார்பிகியூ ஒன்றையும் அதற்குரிய ரொட்டிசரி இணைப்பையும் (இறைச்சியைக் கம்பியில் கோத்து மோட்டாரால் சுற்றவிடும் அமைப்பு) வாங்கி, நானும் மகனும் ஒரே மாலையில் பூட்டி முடித்தோம். மூன்று போல்ட்டுகள் மிஞ்சின. முதல் நாள் எல்லாப் பர்னர்களையும் முழுதாகத் திறந்தும் வெப்பமானி 130 பாகையைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் வெப்பம் தானாகவே வந்தது, ஆனால் வலது ஓரப் பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தது. கோழியைச் சுற்றவிட்டபோது மேலே ஏறுகையில் மோட்டார் முனகியது, கீழே இறங்குகையில் கோழி சடாரென்று புரண்டு விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெட்டினால் தோல் ஒரு பக்கம் கருகி, தொடை எலும்போரம் சிவப்பாக இருந்தது. பொருள் பழுதா, எங்கள் பிழையா?

பதில்: பொருள் பழுதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நீங்கள் எழுதியவற்றில் மஞ்சள் சுவாலை ஒன்றுதான் உடனடியாகக் கவனிக்க வேண்டியது. அதைச் சரிசெய்யும் வரை அந்த அடுப்பை மூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிலிண்டரில் வரும் வாயுவான புரோப்பேன் போதிய காற்றுடன் கலந்து எரியும்போது சுவாலை நீலமாக, நுனியில் சற்றே மஞ்சள் தொட்டதுபோல் இருக்கும். முழுவதும் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்றும் வாயுவும் சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். புதிய அடுப்பில் இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பர்னர் குழாயின் வாய். பர்னரைத் திறந்து மூடும் ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் வால்வின் நுனியில் சிறு துளையுள்ள பித்தளை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பர்னர் குழாயின் திறந்த வாய் அந்த முனையைத் தனக்குள் வாங்கி, அதன் நேர்கோட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டி வண்டியில் குலுங்கி வரும்போதோ, முகப்புப் பலகையைப் பூட்டுகையில் நாம் அழுத்தும்போதோ குழாய் சற்று நழுவி முனைக்கு வெளியே நின்றுவிடுவதுண்டு. அப்படி நழுவினால் வாயு பர்னருக்குள் போகாமல் குமிழ்களின் அடியில் கசிந்து, அங்கேயே பற்றிக்கொள்ளவும் கூடும். சிலிண்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு கம்பித்தட்டுகளையும் பர்னர் மேலுள்ள தகட்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்குடன் கீழிருந்து பாருங்கள். வலது ஓரக் குழாயை மற்ற மூன்றோடு ஒப்பிட்டாலே வேறுபாடு கண்ணில் படும். அதன் பின்முனையைப் பிடித்திருக்கும் பின்னையோ திருகையோ கழற்றி, குழாயை முனையின் மேல் மீண்டும் நேராக ஏற்றிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குழாய் சரியாக உட்கார்ந்திருந்தும் மஞ்சள் மாறாவிட்டால், உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலந்திகள் இந்தக் குழாய்களுக்குள் புகுந்து வலை கட்டுவது வட அமெரிக்காவில் நன்கு அறியப்பட்ட தொல்லை. குளிர்காலம் முழுவதும் மூடிவைத்த என் சொந்த அடுப்பில், ஒரு வசந்தத்தில், பஞ்சுருண்டைபோல் வெள்ளையாக ஒரு முட்டைப்பையையே வளைந்த தூரிகையால் இழுத்து எடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் சுத்தமாகத்தான் தெரிந்தது. அடைப்பும் இல்லையென்றால் காற்று நுழையும் திறப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் விடுங்கள். பித்தளை முனையின் துளையை ஊசியாலோ துளைக்கருவியாலோ ஒருபோதும் தொடக் கூடாது. அந்தத் துளையின் அளவுதான் பர்னருக்கு எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. புரோப்பேனுக்கு ஒரு துளை, வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு வேறு துளை என்பதால்தான் ஒன்றுக்கான அடுப்பை மற்றொன்றில் அப்படியே இணைக்க முடிவதில்லை.

இனி மிஞ்சிய மூன்று போல்ட்டுகள். சில பெட்டிகளில் உபரியாக ஒன்றிரண்டு வைப்பார்கள் என்றாலும், மூன்றும் ஒரே அளவாக இருந்தால் ஏதோ ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள் என்றே கருதுங்கள். கையேட்டின் உதிரிப் பட்டியலில் அந்த அளவு எத்தனை, எந்தப் படிகளில் வருகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பூட்டும்போது பலர் செய்யும் தவறு, முதல் காலிலேயே போல்ட்டுகளை முழு பலத்துடன் இறுக்கிவிடுவது. தாங்குசட்டத்தின் எல்லாப் பக்கங்களையும் விரலால் முடுக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சட்டம் முறுக்கிக்கொண்டால் மேலே உட்காரும் அடுப்புப் பெட்டியும் கோணும். பெட்டி கோணினால் ரொட்டிசரிக் கம்பி தங்கும் இரு பக்கப் பள்ளங்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. உங்கள் மோட்டார் முனகியதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பதால், எல்லாப் போல்ட்டுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்னரைக் கழற்றி மாட்டிய பிறகு, மூட்டுவதற்கு முன், கசிவுச் சோதனை கட்டாயம். பாத்திரம் கழுவும் சோப்பையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர் வால்வைத் திறந்து, சிலிண்டரில் ரெகுலேட்டர் சேரும் இடத்திலும் அங்கிருந்து அடுப்புக்கு வரும் வாயுக் குழாய் நெடுகிலும் அடுப்பில் அது நுழையும் இடத்திலும் தூரிகையால் தடவுங்கள். குமிழி ஊதி வளர்ந்தால் கசிவு இருக்கிறது. உடனே மூடிவிட்டு, இணைப்பை மீண்டும் இறுக்கிச் சோதியுங்கள். அப்போதும் ஊதினால் அந்தப் பாகத்தை மாற்றாமல் பயன்படுத்த வேண்டாம். கனடாவில் புழங்கும் 20 பவுண்டு சிலிண்டரில் ரெகுலேட்டரை இணைக்கும் பெரிய பிளாஸ்டிக் திருகு கையால் இறுக்குவதற்கே செய்யப்பட்டது, ஸ்பேனர் வேண்டியதில்லை. சிலிண்டரின் கழுத்து வளையத்தில் பொறித்த தேதியைப் பாருங்கள். 10 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுசோதனை செய்யாமல் அதை நிரப்பித் தரமாட்டார்கள். புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகையால் மேலதிகச் சிலிண்டரை நிலவறையிலோ கராஜிலோ, எரியும் அடுப்பின் அடியிலோ வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் சிலிண்டர் கதவு, ஜன்னல்களிலிருந்து 1 மீற்றராவது, வீட்டுக்குள் காற்றை இழுக்கும் இயந்திரத் திறப்பிலிருந்து 3 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும்.

முதல் நாள் வெப்பம் ஏறாததற்குக் காரணம் அநேகமாக ரெகுலேட்டர் இணைப்பிலுள்ள பாதுகாப்பு அமைப்பு. குழாய் அறுந்து வாயு பீறிட்டால் அதைத் தடுப்பதற்காக, திடீரென்று அதிக வாயு பாயும்போது அது ஓட்டத்தைத் தானே குறைத்துவிடும். குமிழ்களில் ஏதேனும் திறந்திருக்கையில் சிலிண்டரைத் திறந்தாலோ, வால்வைச் சட்டென்று திறந்தாலோ, உண்மையான கசிவு என்று எண்ணி அது பாதி மூடிக்கொள்கிறது. சுவாலை எரியும், ஆனால் பலமிருக்காது. மறுபடி இப்படி நேர்ந்தால் எல்லாக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இணைத்து, வால்வை மெல்ல மெல்லத் திறந்து, அதன் பிறகு ஒரு பர்னரை மட்டும் பற்றவையுங்கள். உங்கள் அடுப்பு அடுத்த வாரம் தானாகச் சரியானது இடையில் யாரோ எல்லாவற்றையும் மூடிவைத்ததால் இருக்கலாம். பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்தே இருக்கட்டும். பற்றாவிட்டால் குமிழை மூடி ஐந்து நிமிடம் காத்திருந்து முயலுங்கள்.

இப்போது கோழிக்கு வருவோம். ரொட்டிசரியின் சிறப்பு, இறைச்சி ஓயாமல் திரும்புவதால் உருகும் கொழுப்பும் சாறும் கீழே சொட்டுவதற்கு முன் மேற்பரப்பிலேயே உருண்டு ஓடி, இறைச்சி தன்னைத்தானே நனைத்துக்கொள்வதில் இருக்கிறது. சுற்று தடுக்கித் தடுக்கி நடந்தால் அந்தப் பயன் போய்விடும். கனமான பக்கம் கீழே அதிக நேரம் தங்கிக் கருகும், மோட்டாரின் பல்சக்கரமும் தேயும்.

முதலில் ஒரு கவ்வுமுள்ளை (இறைச்சியைக் கம்பியில் நகராமல் பிடிக்கும் முட்கரண்டி போன்ற பாகம்) கூர் உள்நோக்கி இருக்கும்படி கம்பியில் ஏற்றுங்கள். அவசரத்தில் இதை மறந்து கோழியைக் கோத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் உருவுவது வழக்கமாக நடக்கும் கூத்து. நெஞ்சுப் பக்கம்தான் கோழியில் கனம். கம்பி உடலின் நட்டநடுவே போனால் முதுகுப் பக்கம் இலேசாகிவிடும், அதனால் கழுத்துத் திறப்பிலிருந்து வால்பக்கம் வரை, நெஞ்செலும்பை ஒட்டினாற்போல் அதன் அடியில் செலுத்துங்கள். இரண்டாவது முள்ளைத் தொடைகளுக்குள் அழுத்திப் பதித்து, இரண்டின் திருகுகளையும் குறட்டால் இறுக்குங்கள். விரலால் இறுக்கிய திருகு வெப்பத்திலும் சுழற்சியிலும் தளர்ந்து, கம்பி மட்டும் சுற்றக் கோழி நின்றுவிடும். இறக்கைகளை உடலோடும் கால்களை ஒன்றோடொன்றும் தண்ணீரில் நனைத்த பருத்தி நூலால் கட்டுங்கள். நைலான் நூல் உருகிவிடும். தொங்கி ஆடும் ஒரு கால்கூடச் சமநிலையைக் கெடுக்கப் போதும்.

சமநிலையைச் சமையலறையிலேயே சோதித்துவிடலாம். கம்பியின் இரு முனைகளும் கழுவுதொட்டியின் இரு விளிம்புகளில் படியுமாறு படுக்கவைத்துக் கையை எடுங்கள். கோழி மெதுவாக உருண்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். கால்வட்டம் திருப்பி விடுங்கள். மறுபடி அதே பக்கம் கீழே வந்தால் அதுதான் கனம். இப்போது எதிர்எடையின் (கனமான பக்கத்தை ஈடுசெய்யக் கம்பியில் மாட்டும், எடை தாங்கிய கை) கை நேர் மேல்நோக்கி நிற்கும்படி பொருத்தி, எடையைக் கையின் நெடுகே நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். எந்த நிலையில் விட்டாலும் கோழி உருளாமல் நிற்கும் இடம் கிடைக்கும்போது திருகை இறுக்குங்கள். உங்கள் இணைப்பில் எதிர்எடை இல்லையென்றால், கோழியைக் கழற்றிக் கம்பியின் பாதையை விரல் அகலம் மாற்றிக் கோப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நிமிட வேலைதான் இது, ஆனால் உங்கள் மோட்டார் முனகியதற்கும் கோழி விழுந்ததற்கும் மருந்து இதுவே.

அடுப்பில் கம்பித்தட்டுகளை எடுத்துவிட்டு, கோழியைப் பள்ளங்களில் ஏற்றி, மூடியை மூடி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது. மோட்டாரை நிலத்தொடர்புள்ள மூன்று முள் வெளிப்புற நீட்டிப்பு வயரில், கசிவு மின்னைத் துண்டிக்கும் பாதுகாப்புள்ள சொருகியில் இணைத்து, வயர் காஸ் குழாயையோ சூடான பக்கத்தையோ தொடாமல் ஒதுக்கி விடுங்கள்.

தோல் கருகியது நான்கு பர்னர்களையும் எரியவிட்டதால் என்றே ஊகிக்கிறேன். இரு ஓரப் பர்னர்களை மட்டும் நடுத்தரமாக எரியவிட்டு, நடுவிலுள்ள இரண்டையும் மூடி, கோழிக்கு நேர் கீழே தகட்டு மூடிகளின் மேல் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிய அலுமினியத் தட்டை வையுங்கள். கொழுப்பு நெருப்பில் விழாது, பொங்கி எரியாது. மூடியின் வெப்பமானி 175 முதல் 190 பாகை செல்சியஸ் வரை நிற்கட்டும். பின்பக்க பர்னர் உள்ள மாதிரியாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் தோலை முறுகவைக்க அதைப் பயன்படுத்தலாம். மசாலாவைப் பற்றியும் ஒரு சொல்: தயிரும் மிளகாய்த்தூளும் கெட்டியாக அப்பியிருந்தால் முதலில் கருகுவது அதுதான். முந்தைய இரவே உப்பும் மசாலாவும் தோலுக்கு அடியில் தடவி, மேலே மிஞ்சியதை வழித்துவிடுங்கள். தேனோ சீனி கலந்த சாஸோ இறுதிப் பதினைந்து நிமிடத்தில் பூசினால் போதும்.

எலும்போரச் சிவப்பை மட்டும் வைத்து வேகவில்லை என்று தீர்ப்பளிக்க வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மச்சையின் நிறம் நன்கு வெந்த இறைச்சியிலும் கசிந்து சிவப்பாகத் தெரியும். அதேபோல் வெளியே பொன்னிறமாக இருப்பதும் சான்று ஆகாது. மோட்டாரை நிறுத்தி, வெப்பமானியின் ஊசியை எலும்பிலும் கம்பியிலும் படாமல் தொடையின் தடித்த பகுதியில் செருகுங்கள். எஃகுக் கம்பி வெப்பத்தைக் கடத்துவதால் அதைத் தொட்ட அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். முழுக் கோழிக்குக் கனடா சுகாதார அமைச்சு சொல்லும் அளவு 82 பாகை. ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், காற்றடிக்கும் நாளில் இன்னும் கூடும்.

இறக்கும்போது வெப்பம் தாங்கும் கையுறை இரு கைக்கும் வேண்டும், கம்பியின் முனைகள் கோழியைவிடச் சூடாக இருக்கும். பலகையின் மேல் கம்பியோடேயே பதினைந்து நிமிடம் விட்டு, கட்டுகளை வெட்டி, கவ்வுமுட்களின் திருகுகளைக் குறட்டால் தளர்த்தி, கோழியைத் தாளால் பிடித்துக்கொண்டு கம்பியை மெல்லச் சுழற்றியபடி உருவுங்கள். நேராக இழுத்தால் நெஞ்சுச் சதை கிழிந்து கம்பியோடு வந்துவிடும்.