தவிலுக்கு எத்தனை டிராக்?

கேள்வி: அண்ணே, நான் தவில் வாசிக்கிறேன். எங்கள் செட்டில் நாயனம் ஒன்று, தவில் இரண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் இப்போதெல்லாம் "சாம்பிள் அனுப்புங்க" என்கிறார்கள். செல்போனில் பதிந்தால் தவில் சத்தம் உடைந்து கேட்கிறது. தனித்தனி டிராக்காகப் பதிந்து எடிட் செய்ய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. லேப்டாப் பழையது, விண்டோஸ், 4 ஜிபி ராம்.
(வாசகர், நரசிங்கம்பேட்டை அருகில்)

பதில்: தம்பி, முதலில் ஒன்று. அந்தப் பத்தாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட இப்போதைக்கு சாஃப்ட்வேருக்குக் கொடுக்காதீர்கள்.

எத்தனை டிராக் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது மைக் வயரைச் சொருகுகிற பெட்டி. கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கேளுங்கள். மிக்சரில் ஆறு மைக் போட்டு, அதன் வயரை லேப்டாப்பின் சின்ன ஓட்டையில் விட்டால் எல்லாம் கலந்துதான் உள்ளே போகும். ரசத்தில் கரைந்த உப்பைப் பிறகு யார் பிரிப்பது? இரண்டு மைக் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் உங்கள் பணத்துக்குள் வந்துவிடும். நான்கு இன்புட் வராது. மைக்கையும் ஸ்டாண்டையும் உங்களுக்குத் தெரிந்த மைக்செட்காரரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துக் கேட்டால் கொடுப்பார்.

இரண்டு டிராக் போதுமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நான் கும்பகோணத்தில் மைக்செட் வைத்திருந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த போர்ட்டாஸ்டுடியோ ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிகிற அந்த வகை மெஷின் 1979-ல் வந்தது. நாடா ஒரு பக்கமாகத்தான் ஓடும், அதுவும் இரட்டை வேகத்தில். 60 நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். தோடி ஆலாபனை சூடு பிடிக்கும்போது நாடா தீர்ந்துவிடும். வாசிக்கிறவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது!

சரி, சாஃப்ட்வேர். உங்களுக்கு ரீப்பர். இறக்கும் ஃபைலே ஏறத்தாழ 15 எம்பிதான், உங்கள் பழைய லேப்டாப்பிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு சும்மா பார்க்கலாம். அதற்குப் பிறகும் கதவை அடைக்காது, திறக்கும்போதெல்லாம் காசைக் கேட்டு ஒரு பலகையைக் காட்டும், அவ்வளவுதான். தனி ஆளுக்கும், வருட வரவு 20,000 டாலரைத் தாண்டாத சின்னத் தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். ரூபாயில் ஐயாயிரத்தைத் தாண்டும். இரண்டு கல்யாண அட்வான்ஸ் வந்ததும் கட்டிவிடுங்கள். நாமும் வாசித்துப் பிழைக்கிறவர்கள்தான், அடுத்தவன் உழைப்பைக் கிராக் போட்டு எடுக்க வேண்டாம்.

ஆடாசிட்டி இலவசம்தானே என்பீர்கள். நல்ல சாஃப்ட்வேர்தான், நானே தினமும் திறக்கிறேன். ஆனால் பல மைக்கைத் தனித்தனியாக உள்ளே கொண்டுவர இன்டர்ஃபேஸ்களோடு வரும் ஏசியோ (ASIO) டிரைவரை உரிமச் சிக்கலால் அது நெடுங்காலம் சேர்க்காமலே இருந்தது. அதனால் விண்டோசில் நான்கைந்து மைக்கைத் தனித்தனியாகப் பதிய அதில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாளைக்கு நீங்கள் பெரிய பெட்டி வாங்கத்தான் போகிறீர்கள். ரீப்பரிலேயே கை பழகட்டும்.

ரீப்பரைத் திறந்ததும் நிமிடத்துக்கு 120 தாள அடி என்று கோடு போட்டுக்கொண்டு நிற்கும். வெட்டுகிற இடத்தையெல்லாம் அந்தக் கோட்டுக்கே இழுக்கும். ஆலாபனைக்கு ஏது கோடு? அப்படி இழுக்கிற ஸ்நாப்பை அணைத்துவிடுங்கள். நாயனக்காரர் மூச்சு எடுக்கிற இடத்தில் 'எஸ்' விசையைத் தட்டி வெட்டுங்கள், ஒட்டுத் தெரியாது. ஆனால் ஒரே கூடத்தில் வாசிக்கும்போது நாயன மைக்கிலும் தவில் விழும். ஒரு டிராக்கில் மட்டும் பிசகைத் திருத்தலாம் என்று கனவு காணாதீர்கள், திரும்ப வாசிப்பதுதான் வழி.

முதல் மைக்கை அணசுக்கு, அதாவது நாயனத்தின் அகன்ற வாய்க்கு, நேரே வைக்காதீர்கள். நாயனத்தின் சத்தம் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. மூன்றடி தள்ளி, குழலின் நடு உயரத்துக்கு வையுங்கள். இரண்டாவது மைக் இரு தவிலுக்கும் நடுவில், நான்கடி முன்னால். கூடு போட்ட விரல் விழும் வலந்தலைப் பக்கமே மைக் திரும்பியிருந்தால், குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கத்தின் கனம் வராது. பின்னால் நான்கு இன்புட் வாங்கி ஒரே தவிலுக்கு இரு பக்கமும் மைக் வைக்கும்போது சத்தம் மெலிந்து கேட்டால், ஒரு டிராக்கில் ஃபேஸ் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். தொலைந்த கனம் திரும்ப வரும்.

லெவல் பார்க்க "கொஞ்சம் வாசிங்க" என்றால் எல்லோரும் மென்மையாகத்தான் வாசிப்பார்கள், நீங்களும் அப்படித்தான். அதனால் முடிவில் வாசிக்கிற தீர்மானத்தையே முழு வீச்சில் வாசித்து, முள் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால், குறைவாக வந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்ததை ஒட்ட முடியாது. இரண்டு டிராக், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி இடம் பிடிக்கும். கரண்ட் போகும் ஊர் நம்முடையது, லேப்டாப் பேட்டரி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கதை பதிகிறேன். செலவில்லாமல் எடிட் செய்ய வழி உண்டா? மின்விசிறிச் சத்தம் தொல்லை. (ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: டீச்சர், உங்களுக்கு ஆடாசிட்டியே போதும். விசிறியைப் பதியும்போது நிறுத்துங்கள், அதுதான் முதல் மருந்து. ஜன்னலுக்குப் போர்வை கட்டுங்கள். அப்படியும் பக்கத்துப் போர் மோட்டார் கேட்டால், பிள்ளை பேசத் தொடங்கும் முன் ஐந்து விநாடி சும்மா பதிந்து, அந்தத் துண்டை இரைச்சல் மாதிரியாகக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். 12 டெசிபலுக்கு மேல் போனால் பிள்ளை தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 2021-ல் வந்த 3.0-க்கு முந்தைய ஆடாசிட்டி, ஒலியைத் தனி ஃபோல்டரில் வைக்கும். பென் டிரைவில் சின்ன ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை நானே துடைத்துவிட்டேன். மயிலாடுதுறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சுவாமி புறப்பாட்டில் வாசித்த மல்லாரி அதோடு போயிற்று. புதிய பதிப்பில் எல்லாம் ஒரே ஃபைல். பள்ளிக் கம்ப்யூட்டரில் பழையது கிடந்தால் முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கினால் இரண்டு டிராக் கிடைக்குமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: வேண்டாங்க. ஒவ்வொன்றும் தனிக் கடிகாரம், நேரம் போகப் போக ஒன்றையொன்று விட்டு விலகும். ஒன்று வாங்கியாகிவிட்டது என்றால் அதை மட்டும் நடுவில் வைத்துப் பதியுங்கள்.