டக்ட் ஒழுகவில்லை, வியர்க்கிறது

கேள்வி: சின்ன மண்டபம் ஒன்று நடத்துகிறோம், டக்ட் (சீலிங்குக்கு மேலே குளிர்காற்று போகும் தகரக் குழாய்) வைத்த ஏசி. மாரி தொடங்கியதிலிருந்து சீலிங்கில் மஞ்சள் வட்டங்கள், சில இடத்தில் சொட்டவும் செய்கிறது. கூரை ஒழுகவில்லை, ஏறிப் பார்த்துவிட்டோம். ஏசி பூட்டிய வேலைக்கார பாஸ், டக்டில் சுற்றியிருக்கும் பஞ்சின் மேலே இன்னொரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும் என்கிறார், வேறொருவர் சீலிங்குக்குள் எக்ஸோஸ்ட் ஃபேன் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?
வாசகி, உப்புவெளி

பதில்: அக்கா, இரண்டும் வேண்டாம். முதலில், சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் லைட் இருந்தால் அதன் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

மெஷினுக்கு நேர் கீழே மட்டும் சொட்டினால் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும், அது சின்ன வேலை. டக்ட் போகிற வழி நெடுகச் சொட்டினால் டக்ட் வியர்க்கிறது. காற்று 30 பாகையும் ஈரப்பதம் 80 வீதமுமாக இருக்கும்போது, சுமார் 26 பாகைக்குக் குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் படியும். டக்டுக்குள் போகும் காற்று 12, 15 பாகைதான். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அது காய்ந்திருப்பதால் தெரியாது, வாடைக்காற்று தொடங்கினால் தெரியும். ஃபேன் போட்டால் அதே ஈரக் கடற்காற்றைத்தான் சீலிங்குக்குள் இன்னும் இழுத்துவிடுவீர்கள், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

டக்டில் சுற்றியிருப்பது கிளாஸ் வூல் (கண்ணாடிப் பஞ்சு) என்றால் அதைக் காப்பது வெளியே இருக்கும் அலுமினியத் தாள்தான். அது கிழிந்த இடத்தாலும் டேப் விட்ட மூட்டாலும் ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராகிறது, பஞ்சு நனைந்தால் குளிரைத் தடுக்கும் சக்தி போய்விடும், பிறகு இன்னும் வியர்க்கும். நனைந்ததன் மேலேயே புதிதாகச் சுற்றினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே நனைந்த பகுதியை வெட்டி எடுத்து, ஏசியை நிறுத்தித் தகரத்தை நன்றாகக் காயவிட்டு, காற்றுக் கசியும் மூட்டுகளை அடைத்த பிறகுதான் புதிதாகச் சுற்ற வேண்டும். 25 மில்லிமீட்டர் கனம் நம்முடைய ஈரத்துக்குப் போதாது, 50 கேளுங்கள். கையில் காசு இருந்தால் கறுப்பு ரப்பர் ஷீட் நல்லது, தண்ணீரை உறிஞ்சாது.

பலர் கவனிக்காதது டக்டைத் தொங்கவிடும் கம்பியும் பட்டியும். அவை பஞ்சை நசுக்கிய இடத்தில் கனம் இல்லாமல் போய் அங்கேதான் முதல் சொட்டு விழும். பட்டிக்கு அடியில் அகலமான தகரத் துண்டு வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஃபில்டரைக் கழுவுங்கள். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, வரும் காற்று தேவைக்கு மேல் குளிரும். தெர்மோஸ்டாட்டை 18இல் வைக்காமல் 24, 25இல் வையுங்கள், மண்டபக் கதவுகளையும் மூடிவையுங்கள்.

வேலை முடிந்து சீலிங் பலகையை மூடுவதற்கு முன் நீங்களோ வீட்டில் ஒருவரோ ஏறி, ஒவ்வொரு மூட்டிலும் அலுமினிய டேப் முழுச்சுற்றும் ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், மேல்பக்கத்தையும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள்.