பதிவேட்டில் இருக்கும் பண்ணை வீடு: வாங்கலாமா, ஜன்னலை மாற்றலாமா?

வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆரஞ்சு கவுண்டியில் சோமர்செட் பக்கம் 1890-களில் கட்டிய ஒரு பண்ணை வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அது 'மேடிசன்-பார்பர் கிராமப்புற வரலாற்று வட்டாரத்துக்குள்' வருகிறது, நேஷனல் ரெஜிஸ்டரில், அதாவது வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில், உள்ள இடம் என்கிறார் ஏஜென்ட். ஒரு ஜன்னலைக்கூடத் தொட முடியாது, வாங்காதீர்கள் என்கிறார் ஒரு நண்பர். செலவில் 45 சதவீதத்தை அரசாங்கமே திருப்பித் தரும் என்பது ஏஜென்டின் வாக்கு. நடுவில் ஒரு ஆலோசகர் போன் செய்து, பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற 1,800 டாலர் ஆகும் என்றாராம். மதுரையிலிருந்து வரும் மாமனார், மாமியாருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பாத்ரூம் வேண்டும், அதையாவது கட்டலாமா என்று கேட்கிறார்.

பாத்ரூமை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகக் கட்டலாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். எல்லா வீட்டுக்கும் வாங்குகிற சாதாரணக் கட்டட அனுமதிதான் இதற்கும். புதிதாகப் படுக்கையறையும் சேர்த்தால், செப்டிக் டேங்க் தாங்குமா என்று சுகாதாரத் துறை பார்க்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

இனி நண்பர் சொன்னது. நேஷனல் ரெஜிஸ்டர் என்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஒரு பட்டியல். தேசியப் பூங்கா சேவை அதைப் பராமரிக்கிறது. அது ஒரு அங்கீகாரம். உங்கள் சொந்தப் பணத்தில் உங்கள் சொந்த வீட்டில் வேலை செய்ய அந்தப் பட்டியலிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டை இடித்தாலும் அது தடுக்காது. முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த வட்டாரம் அது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மேடிசனின் மான்பெலியே மாளிகையும், 1884 கிறிஸ்துமஸ் அன்று எரிந்து சுவர்கள் மட்டும் நிற்கும் பார்பர்ஸ்வில் மாளிகையும் அதற்குள்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிலத்துக்கு இவ்வளவுதான் காவல் என்பதை ஒவ்வொரு முறை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. இதே கவுண்டியின் கிழக்கு மூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் வில்டர்னஸ் போர்க்களத்தை ஒட்டி வால்மார்ட் கடை கட்ட 2009-ல் கவுண்டி அனுமதி கொடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், 2011 ஜனவரியில் அந்த நிறுவனம் தானே விலகியது. பட்டியல் தனியாக நின்று அதைத் தடுத்திருக்காது.

அப்படியானால் தடை எங்கிருந்து வரும்? இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, டவுன் அல்லது கவுண்டி போட்டிருக்கும் உள்ளூர் வரலாற்று வட்டாரச் சட்டம். அது இருந்தால் வெளிப்புற மாற்றங்களுக்கு ஒரு குழுவின் ஒப்புதல் தேவைப்படும். பெயர் இதற்கும் 'வரலாற்று வட்டாரம்'தான், அதற்கும் 'வரலாற்று வட்டாரம்'தான். ஒன்று மரியாதை, மற்றொன்று சட்டம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, குழம்புகிற மக்களைக் குறை சொல்கிறார்கள். விற்பவர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றுகூட வர்ஜீனியாவில் இல்லை. வீடு விற்கும்போது தரும் வெளிப்படுத்தல் படிவத்தில், வரலாற்று வட்டாரச் சட்டம் பற்றி விற்பவர் எந்த உறுதியும் தரவில்லை, வாங்குபவரே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று அச்சிட்டே இருக்கும். இதை எப்போது மாற்றப்போகிறார்களோ! ஆகவே டவுன் எல்லைக்குள் இருக்கும் வீடு என்றால் அந்த டவுன் அலுவலகத்திலும், வெளியே என்றால் கவுண்டியின் திட்டமிடல் அலுவலகத்திலும், இந்த முகவரிக்கு உள்ளூர் வரலாற்றுக் கட்டுப்பாடு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அதன் பெயர் ஈஸ்மென்ட். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முன்பு எப்போதோ ஓர் உரிமையாளர், இந்த வீட்டின் முகப்பை மாற்ற மாட்டேன், நிலத்தைக் கூறுபோட மாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, அதைப் பத்திரமாகவே பதிவு செய்திருப்பார். வர்ஜீனியா வரலாற்று வள வாரியமோ, வர்ஜீனியா அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷனோ, ஒரு தனி அறக்கட்டளையோ அதை வைத்திருக்கும். எழுதிக்கொடுத்தவர் காலமாகியிருக்கலாம், வீடு நாலு கை மாறியிருக்கலாம். அந்த எழுத்து நிலத்தோடு போகும். பெரும்பாலும் அதற்குக் காலவரம்பே கிடையாது. அது இருந்தால், பின்பக்கம் சமையலறையை நீட்டுவதற்கும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கலாம், ஆட்கள் வந்து பார்த்துப் போவார்கள். சில பத்திரங்களில் வீட்டின் உள்ளே இருக்கும் மாடிப்படிகூடச் சேர்ந்திருக்கும், சிலவற்றில் வெளிச்சுவர் மட்டும், சிலவற்றில் நிலம் மட்டும். மாமியாரின் பாத்ரூம்கூட இந்த ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் டைட்டில் (உரிமைப் பத்திரங்கள்) தேடும்போது 'ஈஸ்மென்ட்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மின்கம்பத்துக்கு விட்ட வழிதானே என்று தாண்டிப் போகாதீர்கள். மின்கம்பத்துக்கும் அதே சொல்தான்! பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, முழுவதையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிய பிறகு, வீட்டின் மேல் ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்தால் பெரிய வரிக்கழிவு என்று யாராவது வந்தால், அவர் தரும் மதிப்பீட்டை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளால் பலர் வருமான வரித் துறையிடம் மாட்டியிருக்கிறார்கள்.

சரி, 45 சதவீதம். ஏஜென்ட் இரண்டு வேறு வேறு சலுகைகளைக் கூட்டிச் சொல்கிறார். ஒன்று மாநிலத்தின் 25 சதவீதம், மற்றது மத்திய அரசின் 20 சதவீதம். இரண்டுமே கையில் தரும் பணம் அல்ல, நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிப்பது. மத்திய அரசின் 20 வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும்தான். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டாலும், 24 மாதங்களில் செய்யும் செலவு அந்தக் கட்டடத்தின் வரிக்கணக்கு மதிப்பைத் தாண்ட வேண்டும். நிலத்தை நீக்கிக் கட்டடம் மட்டும் 3 லட்சம் டாலருக்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள், 3 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால்தான் அந்தப் பேச்சே. குடியிருக்கும் நிலையில் உள்ள வீட்டை நல்ல விலை கொடுத்து வாங்கியவருக்கு இது எட்டாது. கிடைத்தாலும் ஐந்து வருடமாகப் பிரித்துத்தான் வரும். வார இறுதியில் நீங்களும் தங்கி, மற்ற நாட்களில் வாடகைக்கும் விடுவதாக இருந்தால் கணக்கர் இல்லாமல் இறங்காதீர்கள்.

மாநிலத்தின் 25 உங்களுக்கு உண்மையிலேயே பயன்படலாம். குடியிருப்பவருக்கும் உண்டு. வேலைக்கு முந்தைய ஆண்டில் உள்ளூர் வரிக்காகக் கட்டடத்துக்குப் போட்ட மதிப்பில் கால் பங்காவது செலவு செய்திருக்க வேண்டும். மதிப்பு 2,40,000 என்றால் குறைந்தது 60,000 செலவு, அதற்கு 15,000 கழிவு. ஆனால் வட்டாரத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் வீடு அந்த வட்டாரத்தின் வரலாற்றுக்குப் 'பங்களிக்கும்' கட்டடமாகக் கணக்கில் இருக்க வேண்டும். ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா வரலாற்று வளத் துறையின் இணையதளத்தில் வட்டாரத்தைப் பட்டியலில் சேர்க்கக் கொடுத்த பரிந்துரை ஆவணம் கிடைக்கும், அதில் பாருங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன் திட்டத்தைத் துறைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜன்னல் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம். என்னிடம் வந்த ஒரு குடும்பம், வீடு வாங்கிய அதே மாதம் ஒரு விற்பனையாளர் பேச்சைக் கேட்டு எல்லா மர ஜன்னல்களையும் கழற்றிவிட்டு வினைல் ஜன்னல் போட்டது. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. அப்புறம் வரிக்கழிவுக்கு வந்தார்கள், பழைய ஜன்னல்கள் போய்விட்டதால் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மரம் நெருங்கிய வளையங்களோடு கெட்டியாக வளர்ந்தது. ஜன்னலைத் தூக்கி இறக்கும் கயிறை மாற்றி, புட்டி வைத்து, வெளியே ஒரு புயல் ஜன்னல் (காற்றும் குளிரும் தடுக்கும் கூடுதல் ஜன்னல்) பொருத்தினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். குளிரும் அடங்கும். ஒன்று மட்டும்: 1978-க்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே சுரண்டாதீர்கள், சான்று பெற்றவரை வைத்துச் செய்யுங்கள்.

அந்த 1,800 டாலரைக் கொடுக்காதீர்கள். பட்டியலில் இருப்பது கட்டடமும் வட்டாரமும்தான், உரிமையாளர் அல்ல. பெயர் மாற்றம் என்ற ஒன்றே அதில் இல்லை. வாசலில் மாட்டும் வெண்கலப் பலகையும் கட்டாயமில்லை, வேண்டுமானால் உங்கள் செலவில் செய்துகொள்ளலாம். திட்ட வரைபடம், வரிக்கழிவு விண்ணப்பம் போன்ற வேலைக்கு நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் கூலி நியாயமானது. ஆனால் அப்படிப்பட்டவர் நீங்கள் வீட்டை வாங்கும் முன்பே போன் செய்ய மாட்டார்.

ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு எத்தனை நாள் விட்டிருக்கிறார்கள் என்று எழுதவில்லை. பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் நீட்டித்துக் கேளுங்கள், ஈஸ்மென்ட் நகல் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.