எம்.பி.பி.எஸ். முடித்து மருந்து ஆராய்ச்சிக்குப் போகலாமா?

தம்பி, தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மருந்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை, அப்பாதான் "நாடி பிடிக்காதவன் என்ன டாக்டர்?" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் பாட்டிக்கு யானைக்கால். வீங்கிய காலைத் திண்ணையில் நீட்டியபடியேதான் இருப்பார். பிற்பாடு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்களே யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை, அது 1940-களில் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியபோது வந்த மருந்து. அவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

உடனே கம்பெனிக்கு ஓடிவிடாதீர்கள். எம்.டி. மருந்தியல் 3 வருடம். அதற்கு மேல் டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம் படிக்கப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். நடுவில் வார்டை விடாதீர்கள். நோயாளி மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பது அங்கேதான் தெரியும்.