றுழல் என்றொரு கோள்

அன்புள்ள ஐயா,

முதன்முறையாக ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸோல்ட்ராக்ஸ் என்று ஒரு கோள், அங்கே வாழ்பவர்கள் ஸோல்ட்ராக்ஸியர்கள். படித்துப் பார்த்த நண்பர், 'மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது' என்று சிரிக்கிறார். வேற்றுக்கோள் உயிர்களுக்கும் அவர்களுடைய கோளுக்கும் பெயர் வைக்க ஏதாவது முறை இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

நண்பர் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் எனக்கு இடறிய இடம் வேறு. ஸோல்ட்ராக்ஸ் என்ற பெயரை வைத்தது யார்? போய் இறங்கிய மனிதர்களா, அங்கேயே பிறந்தவர்களா? கடிதத்தில் அது இல்லை. கதையிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

மனிதர்கள் வைத்தது என்றால் மனித வாடை அடிக்கவேண்டும். 1995இல் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தபோது அதற்குக் கிடைத்த பெயர் 51 பெகாசி பி. விண்மீனின் பெயரோடு ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஏ என்பது விண்மீனுக்கே போய்விடுவதால் கோள்கள் பி-யில் தொடங்குகின்றன. 2015இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதற்கு டிமிடியம் என்று பெயர் சூட்டியது. லத்தீனில் 'பாதி' என்று பொருள். அதன் நிறை வியாழனில் ஏறக்குறைய பாதி. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளில் பழைய பெயர்தான் ஓடுகிறது. உங்கள் கப்பல் தலைவர் அறிக்கையில் எண்ணை எழுதட்டும், சமையற்காரர் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடட்டும்.

அங்கே பிறந்தவர்களே வைத்தது என்றால் அது சாதாரணச் சொல்லாகத்தான் இருக்கும். பூமி என்றால் நிலம். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட்களின் பெயருக்கு அவர்கள் மொழியில் மக்கள் என்றுதான் பொருள். நாம் நம்மைப் 'பூமியர்' என்றா சொல்லிக்கொள்கிறோம்? அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும்.

அப்படி வருகிறவர்கள் தப்பாகப் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த இடம். யவனர் என்ற சொல் அயோனியா என்ற ஒரு பகுதிக் கிரேக்கரின் பெயரிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களுக்கு வந்து சேர்வதற்குள் ரோமரும் அதில் அடக்கம். உங்கள் கப்பல் முதலில் இறங்கும் தீவின் பெயர் கோள் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டால், எதிர்க்கரையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும்!

அப்புறம் ஒலி. ஸ, க்ஸ் எல்லாம் ஆங்கிலக் காதுக்கு வேற்றுலகம். நமக்கு அது வெறும் ஆங்கிலம். நம் காதுக்கு அந்நியமானவை வேறு. தொல்காப்பியப்படி ட, ண, ர, ல, ழ, ள, ற, ன சொல்லின் முதலில் வராது. ராமனையே இராமன் ஆக்கிய மொழி இது. வல்லின மெய்யில் சொல் முடிவதும் கிடையாது. அந்த விதிகளில் ஒன்றை, ஒன்றை மட்டும், மீறிப் பாருங்கள். நான் ஒருமுறை 'றுழல்' என்று ஒரு கோளுக்குப் பெயர் வைத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் 'உழல்' என்று திருத்தி அனுப்பிவிட்டார். பெயர் வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

முடிவு செய்யும் முன் வேற்றுமை உருபும் 'அர்' விகுதியும் ஏற்றிப் பாருங்கள். றுழலுக்கு, றுழலில், றுழலர். பரவாயில்லை, ஓடுகிறது. 'ஸோல்ட்ராக்ஸியர்களுக்கிடையே' என்று ஒரே பக்கத்தில் நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி கடிதம் போடுங்கள்.