நீரேற்று நிலையத்தில் பி.எல்.சி. எதற்கு?

மிதவை சுவிட்சே மோட்டாரை ஓட்டி நிறுத்தும்போது பி.எல்.சி. (எழுதிய நிரலின்படி இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மோட்டாரும் ஒரு தொட்டியும் மட்டுமே உள்ள இடத்தில் மிதவையே போதும். பல மோட்டார்கள் முறைவைத்து ஓட வேண்டிய நிலையத்தில்தான் பி.எல்.சி.யின் தேவை புலப்படும்.

நீர்மட்ட உணரி, தொட்டியின் மட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக பி.எல்.சி.க்கு அனுப்புகிறது. வெறுந்தொட்டிக்கும் 4 மில்லி ஆம்பியர் என்று வைத்திருப்பது மிக அழகான ஏற்பாடு என்பேன்: கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும் என்பதால், தொட்டி காலியானதையும் இணைப்பு அறுந்ததையும் நிரல் குழப்பமின்றிப் பிரித்தறிகிறது.

மேல்தொட்டியை நிரப்பும்போது, எடுத்துக்காட்டாக, மட்டம் 40 விழுக்காட்டுக்கு இறங்கினால் ஓட்டவும் 90 விழுக்காட்டைத் தொட்டால் நிறுத்தவும் நிரல் எழுதலாம். இந்த இரு எல்லைகளும் நெருங்கிவிட்டால், நீர்ப்பரப்பின் சிறு அலைகூட மோட்டாரை அடிக்கடி கிளப்பும்; ஒவ்வொரு முறையும் பாயும் மிகுதியான தொடக்க மின்னோட்டம் மோட்டாரின் கம்பிச் சுருளைச் சூடாக்கி, நாளடைவில் அதன் மின்காப்பைக் கெடுத்துவிடும். ஓடிய மணிநேரத்தைக் கணக்கிட்டு, குறைவாக ஓடிய மோட்டாரை அடுத்து எடுப்பதும், ஒன்று பழுதானால் மற்றொன்றை இயக்குவதும் நிரலில் சில வரிகளே.

நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் மிதவையையும் அவசர நிறுத்தப் பொத்தானையும் நிரலை மட்டும் நம்பி விடாமல், மோட்டாரின் காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) சுற்றிலேயே நேரடியாக இணைத்துவிடுங்கள், பி.எல்.சி. செயலிழந்தாலும் அவை மோட்டாரைக் காக்கும். கைமுறையில் இயக்க ஒரு தேர்வு சுவிட்சும் கட்டாயம் இருக்கட்டும்.