தெருவிளக்கும் செவ்வந்தியும்

கேள்வி: வாசலில் தொட்டியில் வைத்த செவ்வந்தி தளதளவென்று இருக்கிறது; மார்கழி வந்தும் மொட்டே இல்லை. அதே நாற்றுதான் கொல்லையில் பூத்துக் குலுங்குகிறது. என்ன உரம் போடலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உரத்தை விடுங்கள், வாசலில் தெருவிளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். செவ்வந்தி இரவின் நீளத்தை அளக்கும் செடி. இடையில் அறுபடாமல் சுமார் பத்தரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைத்தால்தான் மொட்டுக் கட்டும். வகைக்கு வகை இது சற்று மாறும். தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தாண்டாது என்பதால் இயற்கையான இரவு தாராளமாகப் போதும். கெடுப்பது விளக்குதான். இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும், இருட்டில் மெல்லத் தணியும். நடு இரவில் வெளிச்சம் பட்டால் மறுபடி விழிக்கும். ஒரு நீண்ட இரவு செடிக்கு இரண்டு குட்டி இரவுகளாகிவிடும். பசுமைக்குடிலில் கொய்மலர் (நீண்ட காம்போடு வெட்டி விற்கும் பூ) வளர்ப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். நட்ட முதல் சில வாரங்களுக்கு இரவு 10 மணி முதல் 2 மணி வரை பல்பு எரியவிட்டு, தண்டு நீண்டதும் அணைத்துவிடுவார்கள்.

விளக்கைப் பார்த்த பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் மொட்டோடும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியை இடம் மாற்றுவதே சுலபம். முடியாவிட்டால் மாலை 6 மணிக்குக் கருப்புத் துணியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டில் நிறம் தெரியும் வரை ஒரு நாளும் விடக்கூடாது. பாலிதீன் வேண்டாம்: உள்ளே புழுக்கம் ஏறும், வெப்பமான இரவிலும் மொட்டு தாமதமாகும்.

கேள்வி: முளைப்பாரியை இருட்டறையில் வைத்தால் மஞ்சளாக, உயரமாக வளர்கிறதே, ஏன்? இந்த முறை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது.
– வாசகர், பரமக்குடி

பதில்: மண்ணுக்குள் புதைந்திருப்பதாகவே முளை நினைக்கிறது. விதையில் உள்ள சேமிப்பு முழுவதையும் தண்டை நீட்டவே செலவிடும். பச்சையம் உருவாவதின் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு ஒளி கட்டாயம் என்பதால் மஞ்சள் நிறம். வெயிலில் வைத்தால் சில மணி நேரத்திலேயே பச்சை பிடிக்கும்.

சாய்ந்ததற்குக் காரணம் கதவிடுக்கில் கசியும் வெளிச்சம். ஒளியில் உள்ள நீலப் பகுதியை முளை உணர்ந்ததும், ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி இருண்ட பக்கத்துக்கு நகரும். அந்தப் பக்கச் செல்கள் அதிகம் நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. சார்லஸ் டார்வின் புல் முளையின் நுனிக்குக் குல்லாய் போட்டுப் பார்த்தார். நுனி மறைந்தால் முளை வளையவில்லை என்று 1880இல் எழுதினார். இடுக்கைக் கோணியால் அடையுங்கள். முடியாவிட்டால் முளைப்பாரிச் சட்டியைத் தினமும் பாதி சுற்றுத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: பால்கனியில் குழித்தட்டில் போட்ட தக்காளி நாற்று நூல் போல நீண்டு விழுகிறது.
– வாசகர், சென்னை

பதில்: இதுவும் முளைப்பாரிக் கதைதான். முளைக்கும் வரை தட்டை மூடி வைக்கலாம். முதல் முளை தலை தூக்கிய அன்றே திறந்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று நீண்டுவிடும், நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. வெயில் வராத பால்கனி என்றால் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப்பை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டி, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். இலைகள் ஒன்றையொன்று தொடும்போது தட்டுகளைத் தள்ளி வையுங்கள். பக்கத்து இலையில் பட்டுத் திரும்பும் தூரச்சிவப்பு ஒளியை (சிவப்பைத் தாண்டிய, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) வைத்தே செடி போட்டியை உணர்ந்து உயரத் தொடங்கிவிடும். தினமும் உள்ளங்கையால் நுனிகளை இருபது முறை மெல்லத் தடவினாலும் தண்டு பருக்கும். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் பலன் உண்டு.

நீண்டுபோன தக்காளியை முதல் இலை வரை புதைத்து நடலாம். தண்டிலேயே வேர் விடும். மிளகாய்க்கு இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: தூங்குமூஞ்சி மரம் இருட்டைப் பார்த்துத்தான் இலை மூடுகிறதா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: முழுக்க அப்படி இல்லை. 1729இலேயே பிரான்சின் வானியலாளர் தெ மேரான், தொடர்ந்து இருட்டில் வைத்த ஒரு சிணுங்கிச் செடியும் பகலில் விரிந்து இரவில் மூடியதைப் பதிவு செய்தார். கடிகாரம் உள்ளே இருக்கிறது. விடியலும் அந்தியும் அதற்கு நேரம் திருத்திக் கொடுக்கின்றன. ஆனால் தூங்குமூஞ்சி கொஞ்சம் அவசரக்காரன், மழை மூட்டம் கட்டினால் பட்டப்பகலிலும் மூடிக்கொள்ளும்.